ஹம் போகவில்லை என்றால் இன்னும் பெரிய கண்டென்சர் போடலாமா?

2024 ஏப்ரல் 7, காலை 10.20, பள்ளிகொண்டா வாசகரின் கேள்வி

வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு ஆம்ப்ளிபையர் கட்டினேன் அண்ணா. 4440 என்கிற ஆம்ப்ளிபையர் ஐசி போர்டு, 12-0-12 மூன்று ஆம்ப் டிரான்ஸ்பார்மர், 6 இன்ச் ஸ்பீக்கர் இரண்டு. பாட்டு நன்றாகவே வருகிறது. பாட்டை நிறுத்தினால் 'ம்ம்ம்' என்று ஹம். வால்யூமைக் குறைத்தாலும் முழுதாகப் போகவில்லை. முதலில் 4700 எம்எப்டி (மைக்ரோ ஃபாரட்) கண்டென்சர் ஒன்றுதான் இருந்தது. கடையில் கேட்டதற்கு இன்னொரு 4700 சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன். குறையவில்லை, கொஞ்சம் கூடின மாதிரிகூட இருக்கிறது. அடுத்து 10000 வாங்கிப் போடலாமா? ஹம் என்றாலே கண்டென்சர் பற்றவில்லை என்றுதானே அர்த்தம்?

ஏப்ரல் 7, இரவு 9.40

வாங்காதே தம்பி. அந்தக் காசுக்கு நல்ல ஷீல்டு ஒயர் (வெளியே கம்பிவலை சுற்றியது) இரண்டு மீட்டர் வாங்கு.

கூடின மாதிரி இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். விஷயமே அதில்தான் இருக்கிறது. ஹம் என்றால் கண்டென்சர் என்று நம் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். குடியாத்தத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த என் மாமாவும் அப்படித்தான் சொல்லுவார், அவரிடம் வேலை கற்ற நானும் பல வருடம் அப்படியே நம்பினேன்.

முதலில் ஹம் எங்கே நுழைகிறது என்று பார். டிவியிலிருந்து வரும் ஒயரைக் கழற்று. இன்புட் ஜாக்கின் நடு முனையையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடு. வால்யூமை அடியில் வை. ஹம் அப்படியே இருந்தால் கோளாறு பெட்டிக்குள்ளே, வால்யூம் கன்ட்ரோலுக்குப் பிறகு. வால்யூமைத் திருகத் திருக ஏறினால் கன்ட்ரோலுக்கு முன்னால். டிவி ஒயரைச் சொருகியதும் மட்டும் வந்தால் பெட்டிக்கு வெளியே.

கன்ட்ரோலின் உலோக உடம்பை விரலால் தொட்டும் பார். தொட்டதும் ஹம் குறைந்தால் அந்த உடம்புக்கு எர்த் ஒயர், அதாவது போர்டின் பொது மைனஸ் ஒயர், போகவில்லை.

காதையும் தீட்டிக்கொள். மெதுவான, வயிற்றில் அதிர்கிற 'ம்ம்ம்' என்றால் 50 ஹெர்ட்ஸ், அது காற்று வழியாகவோ இன்புட் வழியாகவோ வருகிறது. வண்டு ரீங்காரம் மாதிரி கரகரப்பு கலந்திருந்தால் 100 ஹெர்ட்ஸ், அது டயோடு, கண்டென்சர் பக்கத்திலிருந்து வருகிறது.

ஏப்ரல் 8, காலை 6.15

நேற்று கணக்கைச் சொல்லாமல் விட்டேன். கணக்கு இல்லாமல் சொன்னால் கடைக்காரர் பேச்சுக்கும் என் பேச்சுக்கும் வித்தியாசம் இல்லை.

பாட்டு ஓடாதபோது 4440 இழுப்பது 100 மில்லி ஆம்ப் அளவுதான். டயோடு வழியாகக் கண்டென்சர் ஒரு நொடிக்கு 100 தடவை நிரம்புகிறது. 4700 எம்எப்டி ஒன்று மட்டும் இருந்தாலே இந்தச் சுமைக்கு மேலும் கீழும் ஆடுவது 0.2 வோல்ட். அதையும் ஐசி தன் பங்குக்கு 200-ல் ஒன்றாக அடக்கிவிடும். மீதி 1 மில்லி வோல்ட். காதை ஸ்பீக்கரில் ஒட்டி வைத்தாலும் அது கேட்பது சந்தேகம். பாட்டை நிறுத்தியபோது உனக்குக் கேட்கிற ஹம் இதனால் வருவதல்ல. கண்டென்சர் செத்துப்போயிருந்தால் வேறு கதை. உன்னுடையது புதுசு.

இப்போது இன்னொரு பக்கம். கண்டென்சர் சீராக நிரம்புவதில்லை. கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் தெருவே குடம் பிடிப்பதுபோல, ஏசி அலையின் உச்சியில் ஒரு கணம் டயோடு திறக்கும்போது அவ்வளவையும் ஒரே மடக்கில் குடிக்கிறது. சராசரி 100 மில்லி ஆம்ப் என்றாலும் அந்தக் கணத்தில் ஓடுவது 1 ஆம்ப் இருக்கும். அந்த மடக்கு ஓடுகிற ஒயரும் இன்புட்டின் எர்த்தும் ஒரே ஒயராக இருந்தால் என்ன ஆகும்? 1 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் 10 செமீ எடுத்தால் 1.7 மில்லி ஓம். 1 ஆம்ப் ஓடினால் 1.7 மில்லி வோல்ட். அது இன்புட்டோடு கலந்துவிடும். 4440 அதை ஏறக்குறைய 370 மடங்கு பெருக்கும். 0.6 வோல்ட் ஸ்பீக்கரில் வந்து நிற்கும். அடுத்த அறைக்கும் கேட்கும்.

கண்டென்சரைப் பெரிசாக்கினால் வோல்டேஜ் குறைவாக ஆடுகிறது, அதனால் டயோடு திறக்கிற நேரம் இன்னும் சுருங்குகிறது. செலவு அதேதான், நிரப்ப நேரம்தான் குறைவு, ஆகவே மடக்கு பெரிசாகும். நீ இரண்டாவது 4700 போட்டதும் கூடினது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

4440-ஐத் திருப்பிப் பார். 14 கால். அதில் 3-வது கால் முன்பகுதிக்கு மட்டும் எர்த். 8-ம் 14-ம் பவர் பகுதிக்கு. ஐசியைச் செய்தவர்களே எர்த்தை மூன்றாகப் பிரித்து வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள், நாம்தான் அவற்றை ஒரே ஒயரில் கோத்துவிடுகிறோம்.

டிரான்ஸ்பார்மரின் நடு ஒயர் நேராகக் கண்டென்சரின் மைனஸ் காலுக்கு வரட்டும், வழியில் எதையும் தொடாமல். அங்கிருந்து போர்டுக்குத் தனி ஒயர். ஸ்பீக்கர் மைனஸ் இரண்டும் தனித்தனியாக அங்கேயே. இன்புட் எர்த் போர்டின் இன்புட் பக்கத்தில் மட்டும்.

ஏப்ரல் 8, இரவு 11.05

கேட்க மறந்தது. 12-0-12-ல் நடு ஒயரைக் கண்டென்சர் மைனஸுக்குக் கொடுத்து, ஓரங்கள் இரண்டையும் டயோடு வழியாக பிளஸுக்குக் கொண்டுபோயிருக்கிறாய்தானே? நடுவை விட்டுவிட்டு ஓரம் இரண்டையும் நாலு டயோடு பிரிட்ஜில் கொடுத்தால் 24 வோல்ட் ஏசி, கண்டென்சரில் 33 வோல்ட் டிசி ஏறும். ஐசி வெடிக்கும். உனக்குப் பாட்டு வருகிறது என்பதால் சரியாகத்தான் கொடுத்திருப்பாய்.

ஆனாலும் 12-0-12 இந்த ஐசிக்கு அதிகம். இப்போது வேலூர் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டில் மீட்டர் 246 வோல்ட் காட்டுகிறது. சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டிலும் ஏர்கண்டிஷனர் ஓடும்போது 200-க்குக் கீழே போயிருந்தது. 246-க்குக் கணக்குப் போட்டால் 17.4 வோல்ட் டிசி, சுமை இல்லாதபோது அதற்கு மேலும் ஒன்றிரண்டு. ஓடும்போது 4440-க்கு எல்லை 18. அதற்கு உகந்தது 13.2. நம் ஊர் கரண்டுக்கு 9-0-9 போட்டால் ஐசி நிம்மதியாக இருக்கும்.

ஏப்ரல் 11, இரவு 8.30

காதால் 50-ஐயும் 100-ஐயும் பிரித்துவிடலாம் என்று முதல் நாள் எழுதினேன். அதைத் திருத்துகிறேன்.

அணைக்கட்டுப் பக்கம் கூத்துக்கு ஹார்மோனியம் வாசிப்பவர் ஒருவர், மாமா காலத்திலிருந்து பழக்கம். ஒருமுறை மேடையில் செட்டைப் போட்டதும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "உன் செட்டு அஞ்சு கட்டையில இழுக்குதுப்பா, நான் சுருதி மாத்தணுமா, நீ மாத்துறியா?" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஐந்து கட்டை கீழ் ஸ்தாயியில் 98 ஹெர்ட்ஸ். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே 49. கரண்டின் 50-ம் டயோடுக்குப் பிறகு வரும் 100-ம் கிட்டத்தட்ட அதே ஸ்வரத்தில்தான் நிற்கின்றன. அவ்வளவு நல்ல காது உள்ளவரும் ஐந்து கட்டை என்றுதான் சொன்னார், எந்த ஸ்தாயி என்று சொல்லவில்லை.

போதாததற்கு உன் 6 இன்ச் ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸைச் சரியாகப் பாடவே பாடாது. கூடவே வரும் 100, 150-தான் கேட்கும். ஆகவே 50-ம் 100 மாதிரியே காதில் விழும். கரகரப்பு இருக்கிறதா இல்லையா என்பது ஓரளவு உதவும், அதற்கு மேல் காதை நம்பவேண்டாம். போனில் அலைவரிசை காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு ஸ்பீக்கர் முன்னால் பிடி. அதைவிட நம்பகமானது இன்புட்டைக் கழற்றிப் பார்க்கிற சோதனைதான்.

ஏப்ரல் 14, மாலை 4.00

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

பள்ளிகொண்டா தம்பி எழுதியிருப்பது: "எர்த்தைப் பிரித்து ஒயர் மாற்றினேன். இன்புட்டை ஷார்ட் செய்தால் இப்போது பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. செட்டாப் பாக்ஸ் ஒயரைச் சொருகினால் மட்டும் பழையபடி பெரிசாக வருகிறது. போனைச் சொருகினால் வரவில்லை."

நல்லது. அப்படியானால் உன் வீட்டில் ஹம் ஒன்றல்ல, இரண்டு. உள்ளே இருந்ததை நீயே பாதி பிடித்துவிட்டாய். மற்றது கேபிள் ஒயரின் வழியாக வருகிறது. தெருவில் எங்கேயோ கேபிள்காரர் பெட்டியில் அந்த ஒயரின் வெளிவலை எர்த்தாகியிருக்கும். உன் ஆம்ப்ளிபையர் மூன்று பின் பிளக் வழியாக வீட்டு எர்த்தில் இருக்கிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவில் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் எப்போதும் உண்டு. ஆடியோ ஒயரைச் சொருகியதும் அதன் வெளிவலை இரண்டையும் சேர்க்கும் பாலமாகிவிடுகிறது. ஆடியோ ஒயர் இருக்கட்டும், செட்டாப் பாக்ஸின் பின்னால் கேபிள் ஒயரை மட்டும் திருகிக் கழற்று. ஹம் அந்தக் கணமே நின்றால் இதுதான் காரணம்.

ஏப்ரல் 14, இரவு 10.10

கழற்றியதும் நின்றதாம். சரி. ஆடியோ ஒயரின் நடுவில் போட ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் கிடைக்கும், தீப்பெட்டி அளவு, ஸ்டீரியோவுக்கு இரண்டு. சத்தம் கம்பிச் சுற்று வழியாகத் தாண்டும், எர்த் தாண்டாது. பேஸ் கொஞ்சம் மெலியலாம், டிவிக்கு அது போதும்.

ஏப்ரல் 15, காலை 5.50

நேற்று ராத்திரி ஒருவர் இங்கே எழுதியதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. "எதற்கு இவ்வளவு? ஆம்ப்ளிபையர் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டால் ஹம் போய்விடும், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்."

ஹம் போகும், உண்மைதான். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இன்றைக்கே அந்த பிளக்கை மாற்றிவிடுங்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். மாமாவோடு ஒரு கிராமத்து மாரியம்மன் திருவிழாவுக்குச் செட்டு போடப் போயிருந்தேன். மழை பெய்து ஓய்ந்த தரை. அந்த ஊரில் கரண்டு எடுத்த இடத்தில் எர்த் கிடையாது, இரண்டு ஒயரைக் கொக்கி போட்டு எடுத்திருந்தார்கள். ஆம்ப்ளிபையரில் டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் எங்கேயோ நைந்திருந்தது. யாருக்கும் தெரியாது, செட்டு அருமையாகப் பாடிக்கொண்டிருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் வெறும் காலோடு வந்து இரும்பு மைக்கைப் பிடித்தார். பிடித்த கை விடவில்லை. மாமா ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். பெரியவர் பிழைத்தார். கை மட்டும் ரொம்ப நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது. மாமா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் வண்டியிலிருந்து இறங்குவது எர்த் குழாயும் சம்மட்டியும். ஈரமான இடமாகப் பார்த்து அடித்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அதிலிருந்து ஒயரை ஆம்ப்ளிபையர் உடம்பில் கட்டிய பிறகுதான் சுவிட்சைப் போடுவார்.

எர்த் பின் என்பது அந்தக் குழாய்தான். ஹம்மைத் தீர்க்க நூறு வழி இருக்கிறது. அந்தப் பின் வேலை செய்யவேண்டிய நாளில் அது அங்கே இல்லை என்றால் வேறு வழி எதுவும் இல்லை.

ஏப்ரல் 21, மதியம் 2.15

ஆரணியிலிருந்து ஒருவர் கேட்கிறார்: 4440 போதவில்லை, 5200-1943 டிரான்சிஸ்டர் போர்டு வாங்கி 24-0-24-ல் கட்டலாமா, கடையில் 200 வாட் என்கிறார்கள்.

கட்டுங்கள். ஆனால் 200 வாட்டை மறந்துவிடுங்கள். 24-0-24 கொடுத்தால் பிளஸ் 33, மைனஸ் 33. டிரான்சிஸ்டரில் விழுவது போக ஸ்பீக்கருக்கு 29 வோல்ட் உச்சம். 8 ஓமுக்கு 29 பெருக்கல் 29, வகுத்தல் 16. ஐம்பது சொச்சம் வாட். ஒரு ஹாலுக்கு அதுவே ஏராளம்.

இதில் எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் கட்டிய இப்படியான செட்டில் முதல் அரை மணி நேரம் அற்புதமாக வந்தது. காப்பி குடிக்க எழுந்தேன். திரும்பி வந்தபோது பாட்டு இல்லை, வூபரின் கூம்பு முன்னால் தள்ளிக்கொண்டு அப்படியே நின்றது, வார்னிஷ் கருகிய வாடை. 5200 ஒன்று உள்ளே ஷார்ட்டாகி, பிளஸ் 33 வோல்ட் நேராக ஸ்பீக்கருக்குப் போயிருக்கிறது. 8 ஓம் வூபரின் காயிலை மீட்டரில் அளந்தால் 6 ஓம்தான் காட்டும். 33 வோல்ட் ஏறினால் 5.5 ஆம்ப், 180 வாட் சூடு. நான் போட்டிருந்தது 5 ஆம்ப் ஃபியூஸ். 5.5 ஆம்புக்கு 5 ஆம்ப் ஃபியூஸ் அவசரப்பட்டு எரியாது. காயில் முந்திக்கொண்டது.

செத்த டிரான்சிஸ்டரை வைஸில் பிடித்து உடைத்துப் பார்த்தேன். 230 வோல்ட், 15 ஆம்ப், 150 வாட் தாங்கவேண்டிய சரக்கு. உள்ளே சிலிக்கான் துண்டு வெந்தய அளவு. போலி. மேலே எழுத்து மட்டும் அச்சு அசலாக இருந்தது.

அன்றிலிருந்து நான் மாறாமல் செய்வது: புதிதாகக் கட்டினதோ ரிப்பேர் பார்த்ததோ, முதல் தடவை கரண்டு கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டுத்தான் கொடுப்பேன். பல்பு ஒரு தரம் மின்னி மங்கினால் உள்ளே ஷார்ட் இல்லை. எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்தவேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை இருக்கிற பல்புதான் வேண்டும். இப்போது கிடைப்பது அருமையாகிவிட்டது. கோழிக்குஞ்சுக்கு வெப்பம் கொடுக்க விற்கிற கடையில் நான் நாலு வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்புறம், ஸ்பீக்கர் மாட்டுவதற்கு முன்னால் ஸ்பீக்கர் முனையில் மீட்டரை டிசியில் வையுங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் மாட்டலாம். ரிலே வைத்த ஸ்பீக்கர் புரொடெக்ஷன் போர்டும் கூடவே வாங்கிவிடுங்கள், வூபர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

மே 5, காலை 11.30

நேற்று கத்திரி ஆரம்பம். வேலூரில் வெளியே கால் வைக்க முடியவில்லை. ராணிப்பேட்டையில் நான் மின் பராமரிப்புப் பார்க்கிற தோல் தொழிற்சாலையில் இன்று விடுமுறை, வீட்டில் உட்கார்ந்து பழைய செட் ஒன்றைப் பிரித்தேன்.

இந்த இழையின் தொடக்கத்தில் கண்டென்சர் காரணம் அல்ல என்று கொஞ்சம் அடித்தே பேசிவிட்டேன். இந்தப் பழைய செட் என்னைத் திரும்ப யோசிக்க வைத்தது. ஆற்காட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பரணில் இருந்தது. 1980-களில் வாங்கியது, தேக்கு நிற மரப்பெட்டி, தள்ளு சுவிட்சுகள். போட்டதும் 100 ஹெர்ட்ஸ் ஹம், பாட்டையே மூழ்கடிக்கிற அளவு. இன்புட்டை ஷார்ட் செய்தாலும் அப்படியே. நான் எர்த் ஒயர்களை ஒரு மணி நேரம் துருவினேன். கடைசியில் கையில் இருந்த 2200 எம்எப்டி ஒன்றை, கரண்டை நிறுத்திவிட்டு, பழைய கண்டென்சருக்கு இணையாக இரண்டு கிளிப்பில் மாட்டிப் போட்டேன். முக்கால்வாசி ஹம் ஓடிப்போனது. கழற்றி அளந்தேன். மேலே 4700 என்று எழுதியிருக்கிறது, மீட்டர் 310 காட்டுகிறது. அடியில் ரப்பர் பக்கம் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருக்கிறது.

ஆக, பழைய செட்டுக்கு மாமா சொன்னது சரி. மாமா வாழ்நாள் பூராவும் ரிப்பேர் பார்த்தது பழைய செட்டுகள்தான். அவர் அனுபவத்தில் பத்துக்கு எட்டு கண்டென்சராகத்தான் இருந்திருக்கும். நான் அதைப் புதுசாகக் கட்டுகிற செட்டுக்கும் பொதுவாக்கிக்கொண்டது என் தப்பு, மாமா தப்பு இல்லை.

கண்டென்சர் ஏன் காய்கிறது என்பதற்கும் நம் ஊர் வெயிலுக்கும் நேர் சம்பந்தம். மேலே 85 டிகிரி என்று எழுதிய சாதாரண கண்டென்சருக்கு அந்தச் சூட்டில் 2000 மணி நேரம் ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் இரண்டு மடங்காகும். பெட்டிக்குள் 45 டிகிரி இருந்தால் 32000 மணி நேரம். தினம் நாலு மணி நேரம் கேட்டால் இருபது வருடத்துக்கு மேல். அதே பெட்டியை அலமாரிக்குள் அடைத்து, மேலே செட்டாப் பாக்ஸையும் வைத்து, உள்ளே 65 ஆகவிட்டால் 8000 மணி நேரம்தான். ஐந்தரை வருடம். குளிர்ந்த நாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு இதை நாம் அலட்சியமாக விடக்கூடாது. 105 டிகிரி என்று எழுதிய சரக்கை வாங்குங்கள், ஹீட் சிங்கை ஒட்டி வைக்காதீர்கள், பெட்டியின் மேலும் கீழும் ஓட்டை போடுங்கள்.

மே 16, இரவு 9.00

முந்தாநாள் வைகாசி முதல் தேதி, குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். தெருத்தெருவாக ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்கி வைத்திருந்தார்கள், நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. சந்துக்குள் ஒரு வீட்டில் மட்டும் ஒரு பையன் பானை ஸ்பீக்கர் வைத்திருந்தான். பெரிய மண்பானை, வாயில் 8 இன்ச் ஸ்பீக்கர், சுற்றிலும் சாக்குத்துணி. ஆம்ப்ளிபையர் 4440-தான். கூட்டத்துக்கு நடுவில் அந்தச் சத்தம் எவ்வளவு இதமாக இருந்தது!

எங்கள் சின்ன வயதில் இது வீட்டுக்கு வீடு இருந்தது. பெட்டி செய்யப் பலகைக்குக் காசு இருக்காது, பானை இருக்கும். ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. பேஸில் இரண்டும் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால்தான் வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்தால் தகரம் மாதிரி பாடுகிறது. பானை பின்பக்கச் சத்தத்தை உள்ளே அடைத்துவிடுகிறது. உள்ளே உருண்டையாக இருப்பதால் எதிரெதிரே தட்டையான சுவர் கிடையாது, பலகைப் பெட்டியில் வருகிற சில எதிரொலிகள் அதில் வருவதில்லை. கனமான மண், எளிதில் அதிராது.

பள்ளிகொண்டா தம்பி, உன் 6 இன்ச் எதில் வைத்திருக்கிறாய்?

மே 17, காலை 7.10

ஒரு திருத்தம். பானை அதிராது என்றேன். மெல்லிய பானை அதிரும். அந்தப் பையன் சாக்கு சுற்றியிருந்ததே அதற்காகத்தான் இருக்கும். விரலால் சுண்டிப் பாருங்கள். மணி மாதிரி கணீரென்றால் அது சமையலுக்கு நல்ல பானை, ஸ்பீக்கருக்கு ஆகாது.

மே 26, இரவு 8.45

தம்பி இன்று செட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கே வந்துவிட்டான். மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஒயர் வேலை நான் நினைத்ததைவிடச் சுத்தமாகச் செய்திருக்கிறான். மீதி இருந்த ஹம்முக்குக் காரணம் இரண்டு. கன்ட்ரோலின் உடம்புக்கு எர்த் இல்லை. டிரான்ஸ்பார்மர் இன்புட் ஜாக்கிலிருந்து நாலு விரற்கடை தூரத்தில், அதைப் பார்த்தபடி நிற்கிறது. திருகைக் கழற்றி, செட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரான்ஸ்பார்மரை ஒரு மரத்துண்டால் மெதுவாகத் திருப்பினோம். கால்வட்டம் திரும்பியதும் ஹம் அடங்கியது. அந்தக் கோணத்திலேயே புது ஓட்டை போட்டு இறுக்கினோம்.

முதல் நாள் ஸ்பீக்கர் முனையில் மீட்டரை ஏசியில் வைத்தபோது 140 மில்லி வோல்ட் இருந்ததாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். இன்று 3. என் ஏப்ரல் 8 கணக்கு 0.6 வோல்ட் சொன்னது. நான் போட்டது உச்சக் கணக்கு, மீட்டர் காட்டுவது சராசரி மாதிரி ஒன்று, அவன் ஒயரும் நான் நினைத்ததைவிடத் தடிமன். எப்படியும் கணக்கு நாலு மடங்கு கூடுதலாகத்தான் போயிருக்கிறது. காரணம் சரி, அளவு தவறு. குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அவனே கேட்டான், இரண்டாவது 4700 இப்போது தேவையா என்று. கழற்றினோம். 3 மில்லி வோல்ட். மாட்டினோம். 3. கழற்றிவிட்டோம்.

பாட்டு போட்டோம். நிறுத்தினோம். நிறுத்தியதும் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அவன் எழுந்துபோய் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, அந்த வெயிலில், ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்து உட்கார்ந்திருந்தான். நானும் உட்கார்ந்தேன்.

ஜூன் 2, காலை 9.20

அவன் கழற்றிய 4700 எம்எப்டி, 35 வோல்ட், 105 டிகிரி. மேசை மேலேயே விட்டுப் போய்விட்டான். போன் செய்து கேட்டதற்கு, "வெச்சுக்குங்கண்ணா, எனக்கு எதுக்கு" என்றான். ஆற்காட்டு மரப்பெட்டிக்கு வேண்டியது அதே அளவு. இன்று காலை மாட்டினேன். பல்பு ஒரு தரம் மின்னி மங்கியது. ஹம் இல்லை.